ரிப்போர்ட் வரும் வரை: சில நாட்குறிப்புகள்

மார்ச் 3

இன்றும் அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 4

காத்திருக்கும்போது உலகம் சுருங்கிவிடுகிறது. போன் அடித்தாலும் அதே நினைப்பு, அடிக்காவிட்டாலும் அதே நினைப்பு. இன்று மழை பெய்திருக்கிறது. இரவு கொடியில் இருந்த துணியைத் தொட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. நாள் முழுக்க ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

1999-ல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிலர் பந்தைக் கைமாற்றி விளையாடும் வீடியோவைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தை மாற்றினார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து, மார்பில் அடித்துக்கொண்டு போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. கண்ணில் ஒரு குறையும் இல்லை. மனம் எண்ணிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பயமும் அப்படி எண்ண வைக்கிற வேலைதான் என்று தோன்றுகிறது. ஒரே ஒன்றைத் திரும்பத் திரும்ப எண்ண வைக்கிறது. மழை பெய்தால்கூடத் தெரிவதில்லை.

மார்ச் 5

வந்தவர்கள் எல்லோரும் "எல்லாம் நல்லதாகவே வரும்" என்கிறார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அதைக் கேட்டதும் அக்கா தலையாட்டிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்கிறாள். சொல்ல வந்தது உள்ளேயே போய்விடுகிறது. நல்லது மட்டும் வரலாம் என்று சொல்லும் வீட்டில் அவள் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? எனக்கு இன்று இதில் கோபமே வந்தது.

மனதைத் திறந்து வைப்பது வேறு, நல்லதையே நினைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் நோயாளியைத் தனியாக விட்டுவிடுகிறார்கள்.

மார்ச் 7

நேற்று இரவு அக்கா நெடுநேரம் பேசினாள். தொடங்கும்போதே, "நீ எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா பக்கத்துல உட்காரு போதும்" என்றாள்.

உட்கார்ந்தேன். ஒருவர் சொல்வதைக் கேட்கும்போது நமக்குள் பதில் எழும்பி வருவதை உடம்பிலேயே பிடிக்க முடிகிறது. தொண்டை லேசாக இறுகும். மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். நாக்கு பல்லுக்குப் பின்னால் தயாராக நிற்கும். அந்த நேரத்தில் காதில் விழுவது பாதிதான். அதைக் கவனித்ததும் மூச்சை மெதுவாக வெளியே விட்டேன்; தொண்டை தளர்ந்தது; அவள் குரல் மறுபடி முழுதாகக் கேட்டது. இப்படியே பல தடவை.

நோயைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் பேசியது வேறு. மிஷினுக்குள் படுத்திருந்தபோது சின்ன வயதில் கற்ற ஒரு பாட்டின் இரண்டாவது வரி நினைவுக்கு வரவே இல்லையாம், அது இன்னும் உறுத்துகிறதாம். நான் இடையில் ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்துக்குப் பேச்சு வந்திருக்காது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் தன் சிகிச்சை முறையையே இப்படிப்பட்ட கேட்டலின் மேல்தான் கட்டினார்: தீர்ப்புச் சொல்லாமல், எதிரில் இருப்பவர் நிற்கும் இடத்தில் நின்று கேட்பது. படிக்கும்போது எளிதாகத் தெரியும். நேற்று அந்த ஒரு மணி நேரம் முடிந்தபோது என் தோள்கள் வலித்தன.

மார்ச் 8

குழாய் சொட்டுகிறது. சரி, சொட்டட்டும்.

மார்ச் 9

வியட்நாம் பௌத்தத் துறவி திக் நாட் ஹான் 1982-ல் பிரான்சில் தொடங்கிய பிளம் வில்லேஜ் என்ற தியான மடத்தில் மணி ஒலித்தால் எல்லோரும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு மூச்சைக் கவனிப்பார்கள். டெலிபோன் அடித்தாலும் அப்படித்தான். உடனே பாய்ந்து எடுப்பதில்லை; மூச்சு விட்டுவிட்டு எடுப்பார்கள்.

இன்று போன் அடித்தபோது செய்துபார்த்தேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது சற்றுக் குறையும்; அது உடம்பின் இயல்பு. அதனால் வெளிமூச்சை மட்டும் நீளமாக விட்டேன். கை நடுக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனால் "ஹலோ" என்று சொன்ன குரல் என்னுடையதாக இருந்தது.

ஏதோ விளம்பர அழைப்பு.

மார்ச் 11

மோசமான நாள். கண்ணை மூடி உட்கார்ந்தால் பயம் பெரிதாகிறது. இருட்டில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கிறது.

ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நடப்பதை அப்படியே கவனிக்கப் பழக்கும் தன் தியானப் பயிற்சியைத் தொடங்கியபோது அவரிடம் வந்தவர்களில் பலர் மருந்துக்கும் அடங்காத நாள்பட்ட வலிக்காரர்கள். இன்று அது எட்டு வாரப் பயிற்சி. வலியைத் துரத்துவது அதன் நோக்கம் அல்ல. வலி இருக்கும்போதே அதோடு வேறு விதமாக இருக்கக் கற்பது. இதை எனக்கு நானே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் கண் மூடுவது சரிப்படாது. பழைய அதிர்ச்சி உள்ள சிலருக்கு அது பதற்றத்தைக் கூட்டிவிடும். அப்போது கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதம் தரையில் படுவதையும் வெளியே இருந்து வரும் சத்தத்தையும் கவனிக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. பயமும் இருந்தது. தரையும் இருந்தது.

மார்ச் 12

தூக்கம் இல்லை.

மார்ச் 14

காலையில் நானே போன் செய்து ரிப்போர்ட் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். ஒருவர் இன்னொருவரிடம் கேட்கச் சொன்னார். அவரிடமும் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, ஆனால் பதில் வரும் வரை வைக்கவும் இல்லை.

வருவதை எல்லாம் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வதுதான் ஏற்பு என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். டாக்டரிடம் "எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்பதும் திறந்த மனதுதான். கேட்டால்தானே உள்ளே வரும்.

ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் செய்யும் வேலையில் இல்லாமல் வேறெங்கோ அலைகிறது. அலையும்போது மகிழ்ச்சியும் குறைகிறது. இந்த மாதம் என் கணக்கு அதைவிட மிக அதிகமாகவே இருக்கும். ஆனாலும் அந்த எண் எனக்கு ஆறுதல்தான். எல்லா மனமும் அலைகிறது. அலைந்ததைப் பார்த்த கணத்தில் திரும்பி வந்தாயிற்று.

குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் வரவில்லை.

மார்ச் 16

இன்று அக்கா சிரித்தாள். பாட்டின் இரண்டாவது வரி பல் தேய்க்கும்போது வந்துவிட்டதாம். நுரை வாயோடு வந்து பாடிக் காட்டினாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

உடனே உள்ளே ஒன்று இறுகியது: இந்த நேரத்தில் சிரிக்கலாமா? பயத்துக்கு இடம் கொடுக்கத்தான் இத்தனை நாள் பழகினேன். சந்தோஷத்துக்கு இடம் கொடுப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இதை யாரும் சொல்லித் தரவில்லை. நாளைக்கு என்ன வரும் என்பதை வைத்து இன்றைய சிரிப்பை ஏன் அளக்க வேண்டும்? அவள் அளக்கவில்லை. மறுபடி பாடினாள், இந்த முறை முழுப் பாட்டையும்.

மார்ச் 17

நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். போனில் வேறு எதுவும் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன். "சரி, போகலாம்" என்றாள், அப்புறம் தலை வாரப் போய்விட்டாள்.

கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய கேள்விகள் முதலில், என்னுடையவை பிறகு. பழைய ஸ்கேன் படங்கள், அவள் கண்ணாடி, ஒரு பேனா. கிளம்ப வேண்டும், கூப்பிடுகிறாள்.