அட்வாட்டர் சந்தி, மார்ச் மாதம்

மார்ச் 11

வேலை முடிந்து அட்வாட்டர் மெட்ரோவில் இறங்கி, பழைய ஐஸ் ஹொக்கி அரங்கமான ஃபோரம் கட்டடத்தை ஒருமுறை சுற்றி நடந்தேன். உள்ளே இப்போது தியேட்டரும் கடைகளும்தான். 1996இல் இதே நாளில் எங்கள் ஊர் ஹொக்கி அணி மொன்றியல் கனேடியன்ஸ் இங்கே கடைசியாக ஆடி டாலஸை 4-1 என்று வென்றது. ஆனால் சனத்தின் மனதில் நிற்பது ஆட்டம் முடிந்த பிறகு அணியின் பழைய நட்சத்திரம் மொரிஸ் ரிஷார் பனித்தளத்தில் வந்து நின்றதுதான். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், ஓயவே இல்லை. போதும் போதும் என்று கையைக் காட்டிப் பார்த்தார், முடியாமல் அழுதுவிட்டார். இரவு அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

1937 மார்ச் 11இல் இதே கட்டடத்தில்தான், அவருக்கும் முந்தைய கனேடியன்ஸ் நட்சத்திரம் ஹோவி மொரென்ஸின் இறுதிச் சடங்கும் நடந்தது. ஜனவரியில் ஆட்டத்தில் கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. வயது 34.

மார்ச் 13

1955இல் இன்றைக்குத்தான் பொஸ்ரனில் அந்தச் சண்டை. எதிரணிக்காரரின் மட்டை ரிஷாரின் தலையைக் கிழித்தது, இவர் திருப்பி அடித்தார், தடுக்க வந்த நடுவரையும் குத்தினார். தேசிய ஹொக்கி லீக்கின் தலைவர் கிளாரன்ஸ் கம்பெல், மீதி சீசனும் கோப்பை ஆட்டங்களும் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். குத்தியது தப்புத்தான், ஆனால் அந்தத் தண்டனை மிகவும் அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மார்ச் 14

மகன் கனேடியன்ஸ் ஜெர்சியில் உள்ள H எதற்கு என்று கேட்டான். ஹொக்கிக்கு என்றேன். அவ்வளவுதான் இன்றைக்கு.

மார்ச் 17

தண்டனை கொடுத்த கம்பெல் 1955இல் இந்த இரவு ஃபோரத்துக்கே ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தார். முட்டை, தக்காளி பறந்தன, கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை எதிரணியான டிட்ரோயிட்டுக்குக் கொடுத்தார்கள், அப்புறம் சென் கத்தரின் வீதி முழுக்கக் கண்ணாடி உடைந்தது. ஒரு விளையாட்டுக்காரனுக்காகவா இவ்வளவு என்று வெளியூரார் கேட்பார்கள். ஊரில் பெரும்பான்மை பிரெஞ்சு, முதலாளியும் மேலாளரும் ஆங்கிலம், அந்த நிலைமையில் தங்கள் மொழிக்காரன் ஒருவன் 50 ஆட்டத்தில் 50 கோல் அடித்துக் காட்டினால் அவன் வெறும் விளையாட்டுக்காரனா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசி, அமைதியாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊர் அடங்கியது.

மார்ச் 19

பெர்னி ஜொஃப்ரியோனை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ரிஷார் 74 புள்ளியோடு வெளியே உட்கார, அதே அணிக்காரரான இவர் 75 எடுத்து, அந்த வருடம் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பட்டத்தை வாங்கினார். சொந்த ஊர்ச் சனமே அவரைக் கூவி அவமானப்படுத்தியது. தன் வேலையைச் செய்தவர், பாவம். ரிஷாருக்கு அந்தப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதும் உண்மை. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வாங்கிய அணியில் இருவரும் சேர்ந்துதான் ஆடினார்கள்.

11ஆம் தேதி எழுதாமல் விட்டது இது. ஜொஃப்ரியோன் மொரென்ஸின் மகளைக் கட்டிய மருமகன். ஜொஃப்ரியோனைக் கௌரவிக்க அவருடைய 5ஆம் எண் பதாகையை அணியின் புதிய அரங்கமான பெல் சென்டரில் மேலே ஏற்ற 2006 மார்ச் 11 என்று நாள் குறித்திருந்தார்கள், அன்று காலையிலேயே அவர் இறந்துபோனார். விழாவை நிறுத்தவில்லை. மேலே தொங்கிய மொரென்ஸின் 7ஆம் எண்ணைப் பாதி கீழே இறக்கி, மருமகனின் 5 அதன் பக்கத்தில் வந்ததும், இரண்டையும் சேர்த்து மேலே ஏற்றினார்கள்.