ரெண்டு பேப்பர், ஒரே ஒப்பந்தம்

எம்.ஏ. இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் சேந்தப்போ கூட ஒரு எலெக்டிவ் எடுக்கணும்னாங்க, நான் ஃபிலாசபி எடுத்தேன். ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல, மத்ததெல்லாம் காலைல எட்டரைக்கு, இது மத்தியானம் ரெண்டு மணிக்கு, தாம்பரத்துலேர்ந்து டிரெயின் புடிச்சு வர்றவளுக்கு அது போதாதா.

இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ், அதாவது ஐஆர்ல ஆரம்பமே கிரேக்க கதை. கி.மு. 416ல ஏதென்ஸ் படை மெலோஸ்னு ஒரு சின்ன தீவுக்கு போய் சரணடைங்கன்னு சொல்லுது, நியாயமெல்லாம் சமபலம் இருக்கறவங்களுக்குள்ள பேசுறதுங்குது, தீவுக்காரங்க ஒத்துக்கல, கடைசில ஆம்பளைங்கள கொன்னுட்டு பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் அடிமையாக்கிட்டாங்க. சார் இது தான் ரியலிசம், நாடுகளுக்குள்ள பலம் தான் பேசும்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாரு. (நம்ம குறள்ல வலியறிதல் அதிகாரம் மொத குறளே தன் பலம், எதிரி பலம், கூட்டாளி பலம்னு எடை போட்டு பாக்க சொல்லுது, ஆனா சிலபஸ்ல வள்ளுவர் இல்ல, அது தனி கடுப்பு.)

அப்புறம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்டது. வெள்ளக்காரன் காலத்துல இங்கேர்ந்து தோட்ட வேலைக்கு போனவங்க வம்சம், இலங்கைல நாடில்லாம இருந்த மலையகத் தமிழங்க சுமார் 9,75,000 பேர், அதுல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேர அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு, 1974ல அதையும் பாதி பாதியா பிரிச்சாங்க. பரீட்சைல "அந்த மக்கள கேட்டிருக்கணும்"னு எழுதுனேன், சார் அந்த வார்த்தைய செவப்பு மைல சுழிச்சு "நடந்தத மட்டும் எழுது"ன்னு போட்டு ரெண்டு மார்க் கொறச்சிட்டாரு. சரின்னு அதே ஒப்பந்தத்த ஃபிலாசபி அசைன்மென்ட்ல வச்சு, மனுசன வெறும் கருவியா நடத்தக்கூடாதுன்னு ஜெர்மன் தத்துவவாதி கான்ட் சொன்னத எல்லாம் இழுத்து எழுதுனா, நடுவுல "இந்தியாவோட நலன்"னு ஒரு வரி, அதுக்கு பக்கத்துல மேடம் "இந்தியான்னா யாரு?"ன்னு எழுதியிருக்காங்க. அங்கயும் மார்க் போச்சு.

கூட படிக்கிற கோத்தகிரி பொண்ணுகிட்ட மெரினால சுண்டல் தின்னுக்கிட்டே புலம்புனேன். அவ பாட்டி அந்த 5,25,000ல ஒருத்தராம். நுவரெலியா பக்கம் பொறந்து வளந்து, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல கெடந்து, அப்புறம் நீலகிரில கொழுந்து பறிச்சவங்க. அப்ப குடுத்த பேமிலி கார்ட இன்னும் பழைய பிஸ்கட் டப்பாக்குள்ள வச்சிருக்காங்களாம். "இவங்கள எல்லாம் தாயகம் திரும்பியோர்னு எழுதுறோமேடி, பாட்டி அதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்ல, அப்புறம் எங்கேர்ந்து திரும்புறது?"ன்னா.

நானும் ஒரு வருசமா அந்த வார்த்தைய எழுதிட்டு தான் இருந்தேன், உறுத்தவே இல்ல. ஃபிலாசபி மேல மரியாத வந்தது அன்னிக்கு தான். அதுக்காக அத மட்டும் படிச்சிருந்தா எத்தன பேரு, எந்த வருசம், எந்த கப்பல்துறைனு ஒண்ணும் தெரியாம கான்ட வச்சுக்கிட்டு காத்துல கத்தி சுத்திட்டு இருந்திருப்பேன்.

இப்ப டிசர்ட்டேஷன் அந்த ஒரு வார்த்தைய பத்தி தான். கைடு யாருங்கிறது தான் இழுபறி, சார் இது ஃபிலாசபிம்மான்னு மேடம்கிட்ட அனுப்புறாரு, மேடம் இது ஐஆர் தானேன்னு சார்கிட்டயே திருப்பி அனுப்புறாங்க.