மேப்பிள் பாணியும் வோல்நட்டும் போட்ட அடுக்குக் கேக்: இதுவரை வந்த இடம்

மேப்பிள் கேக் என்று சொல்லித் தருவார்கள், வாயில் வைத்தால் சீனிதான் தெரியும். மேப்பிள் பாணியின் (சிரப்பின்) அந்த மரவாசமும், கடைசியில் நாக்கில் நிற்கிற லேசான கசப்பும் ஓவனுக்குள் போய் வருவதற்குள் எங்கோ தொலைந்துவிடும். அதைப் பிடித்து வைக்க வழி தேடித்தான் இந்தப் பனிக்காலம் முழுக்க இந்த ஒரு கேக்கையே மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது வந்திருக்கிற பதம் எனக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறது. மாவுக்குள் எவ்வளவு பாணி ஊற்றினாலும் வாசம் பெரிதாக ஏறாது என்பதும், கேக் வெந்த பிறகு போடுகிற பாணிதான் வேலை செய்கிறது என்பதும் இத்தனையிலும் நான் கண்டது.

முதலில் பாணி. ரொரன்ரோவில் இருக்கிறவர்களுக்கு இது கிடைப்பதில் கஷ்டமில்லை, உலகத்தில் எடுக்கிற மேப்பிள் பாணியில் 70 வீதம் அளவு பக்கத்திலிருக்கும் கியூபெக்கில் இருந்துதான் வருகிறது. ஆனால் விலை விலைதான். இரவில் உறைந்து பகலில் இளகுகிற மார்ச் மாதக் காலநிலையில் மரத்தில் துளையிட்டு எடுக்கிற நீரில் சீனி 2 வீதம் அளவுதான் இருக்கும், ஏறத்தாழ 40 லீட்டர் நீரைக் காய்ச்சி வற்ற வைத்தால் 1 லீட்டர் பாணி. அப்படி வந்த பொருளை மாவில் கரைத்துக் காணாமல் போக்குவதற்கு மனம் வராது.

போத்தலில் நான்கு நிறம் போட்டிருக்கும்: பொன்னிறம், அம்பர், கருமை, மிகக் கருமை. நான்குமே முதல் தரம்தான், நிறமும் சுவையும் மட்டும் வேறு. பருவத்தின் தொடக்கத்தில் எடுப்பது வெளிறிய நிறத்தில் மென்மையாக இருக்கும், பிறகு வெளியே சூடு ஏற ஏற மரத்து நீரில் நுண்ணுயிர்கள் பெருகிச் சீனியை உடைப்பதால் காய்ச்சும்போது நிறமும் சுவையும் ஏறும். பான்கேக்குக்கு அம்பர் நல்லது. கேக்குக்குக் கருமைக்குக் கீழே போக வேண்டாம், பட்டரும் முட்டையும் சேர்ந்தால் அம்பரின் சுவை அடிபட்டுப் போகிறது.

அப்புறம் கேக். எங்கள் வீட்டில் கேக் என்றால் பட்டர் கேக், ஒரு இறாத்தல் பட்டருக்கு ஒரு இறாத்தல் சீனி, சீனியும் பட்டரும் வெள்ளையாகப் பொங்கி வரும்வரை அடி என்பதுதான் பாடம். அந்தப் பாடம் இங்கே முக்கியம். சீனிக் குருணல்கள் பட்டரைக் கீறி உள்ளே காற்றைப் பிடித்து வைப்பதால்தான் கேக் எழும்புகிறது, பாணியில் குருணல் இல்லை. சீனியே போடாமல் பாணியில் மட்டும் அடித்துப் பார்த்தேன், ஈரமாக, அடர்த்தியாக, களி போல வந்தது, வாசமும் அதற்கேற்பக் கூடவில்லை. அதனால் பிரவுண் சீனியில் அடித்துவிட்டுப் பாணியைக் குறைவாகச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன்.

என் அளவு இது, எட்டு அங்குலத் தட்டு மூன்றுக்கு: பட்டர் 225 கிராம், பிரவுண் சீனி 200 கிராம், மேப்பிள் பாணி 160 மில்லிலீட்டர், முட்டை 4, மோர் 180 மில்லிலீட்டர், கேக் மா 300 கிராம், வோல்நட் 150 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. மா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், கனடாவில் எல்லாவற்றுக்கும் பாவிக்கிற சாதாரண மாவில் புரதம் கூடுதல், ரொட்டிக்கு அருமை, கேக்குக்கு இறுக்கம், ஆகவே கேக்குக்கென்று விற்கிற மாவையே வாங்குங்கள். ஓவனை 175 டிகிரிக்குப் பதில் 165இல் வைக்கிறேன், பாணி சேர்த்த கேக்கின் மேற்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும். 25 நிமிடம் தாண்டியதும் குச்சி விட்டுப் பார்க்கலாம்.

வோல்நட்டா பீக்கானா என்று நிறைய யோசித்தேன். பீக்கான் மேப்பிளின் வழக்கமான ஜோடி, இரண்டுமே வட அமெரிக்காவின் சொந்த மரங்கள், தனியாகச் சாப்பிடும்போது அதுதான் ருசி. ஆனால் கேக்குக்குள் பீக்கானின் இனிப்பும் மேப்பிளின் இனிப்பும் ஒன்றாகச் சேர்ந்து மழுங்கிப் போகின்றன, கஜு அதைவிட மென்மை. வோல்நட்டின் தோலில் இருக்கிற கசப்புத்தான் மேப்பிளை எடுத்துக் காட்டுகிறது. பச்சையாகப் போடக் கூடாது. 175 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் வறுத்து, சூட்டோடு துணியில் கொட்டிக் கசக்கினால் உதிர்கிற தோலெல்லாம் உதிர்ந்துவிடும், மிஞ்சுகிற கசப்பு அளவாக இருக்கும். பாதியை மாவில் இரண்டு கரண்டி சேர்த்து அரைக்கிறேன், தனியாக அரைத்தால் எண்ணெய் விட்டுப் பசையாகிவிடும். மற்றப் பாதியைக் கத்தியால் கொத்துகிறேன்.

இனி ஐசிங். இந்தக் கேக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஐசிங் சீனியில் அடிக்கிற பட்டர் ஐசிங்கில் பாணி ஊற்றினால் இளகிவிடுகிறது, இளகாமல் இருக்கச் சீனியைக் கூட்டினால் மறுபடியும் சீனிதான் தெரிகிறது. ஆகவே சீனியே இல்லாமல், காய்ச்சிய பாணியை அடித்த முட்டை வெள்ளையில் ஊற்றுகிற இத்தாலிய முறைக்குப் போனேன். 5 முட்டை வெள்ளை, 300 மில்லிலீட்டர் பாணி, ஒரு இறாத்தல் உப்பில்லாத பட்டர்.

பாணியைப் பெரிய பாத்திரத்தில் காய்ச்சுங்கள். கொதி வந்ததும் அடியில் கிடந்தது திடீரென்று நுரைத்துப் பாத்திரத்தின் வாய்வரை ஏறும். அப்போது ஒரு கடலையளவு பட்டரைப் போட்டால் நுரை அந்தக் கணமே அடங்கிக் கீழே இறங்குவதைப் பார்க்கலாம், பாணி காய்ச்சுகிறவர்களும் காலம் காலமாக இப்படிக் கொஞ்சம் கொழுப்பைப் போட்டுத்தான் நுரையை அடக்குகிறார்கள். சின்னக் குமிழிகள் மெல்லப் பெரிதாகி, தடித்து, மந்தமாக வெடிக்கத் தொடங்கும்போது 110 டிகிரியைத் தாண்டியிருக்கும். 116இல் இறக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் அரியதரத்துக்குப் பாகு பார்த்த கைக்கு இது புதிதல்ல, குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மென்மையான உருண்டையாக வர வேண்டும். அதே நேரத்தில் வெள்ளை பொங்கி நிற்க வேண்டும், பீட்டர் ஓடிக்கொண்டிருக்க, கிண்ணத்தின் ஓரமாக நூலாக ஊற்றுங்கள். கிண்ணத்தின் அடியைத் தொட்டால் சூடே தெரியாத நிலை வந்த பிறகுதான் பட்டர், துண்டு துண்டாக. நடுவில் திரிந்து தயிர் போல ஆகும், பயப்பட வேண்டாம், அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டுப் போல ஒன்றாகிவிடும். கடைசியில் தாராளமாக உப்பு.

பாணி காய்கிறபோது வீடு முழுக்க ஒரு மணம் நிற்கும். மேல்மாடியில் இருந்து இறங்கி வந்த மாமி, "பிள்ளை, இது வெந்தயம் மணக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். மாமியின் மூக்கு சரியாகத்தான் சொன்னது, சோட்டோலோன் என்கிற ஒரே வாசப்பொருள் இரண்டிலும் இருக்கிறது. 2005 தொடங்கி நியூயோர்க் நகரத்தில் அவ்வப்போது மேப்பிள் வாசம் வீசி எல்லோரும் குழம்பி, 2009இல் தேடிப் பிடித்தபோது அது நியூ ஜெர்சியில் வெந்தயம் பதப்படுத்துகிற ஒரு ஆலையில் இருந்து வந்தது என்று தெரிந்தது. போத்தலில் வருகிற மேப்பிள் எசென்ஸ் பலவற்றிலும் வெந்தயச் சாறு உண்டு. அந்த எசென்ஸை ஒரு தடவை ஐசிங்கில் சேர்த்துப் பார்த்தேன், வாசம் தூக்கலாக வந்தது, ஆனால் பாணியின் ஆழம் அதில் இல்லை, இனித் தொடமாட்டேன்.

அடுக்குகிற வேலை நேரானது. கேக்குகளை நன்றாக ஆறவிட்டு, பொதிந்து, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள், வெட்டும்போது உதிராது. ஒவ்வொரு அடுக்கின் மேலும் இளஞ்சூடான பாணியைத் தூரிகையால் மூன்று கரண்டி அளவு பூசி, ஐசிங் பரப்பி, கொத்திய வோல்நட்டைத் தூவி, அடுத்ததை வைக்க வேண்டும். ஓவனுக்குள் போகாத இந்தப் பூச்சும் ஐசிங்குமாகச் சேர்ந்துதான் முதல் வாயிலேயே மேப்பிள் என்று சொல்ல வைக்கிறது. வெளிப்பக்கம் மெல்லியதாக ஒரு பூச்சு, அரை மணி நேரம் குளிர், பிறகு முழுப் பூச்சு. மேலே அலங்காரம் எதுவும் நான் வைப்பதில்லை, பக்கத்தில் வோல்நட் ஒட்டியிருந்தால் போதும்.

பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள், குளிரில் பட்டர் இறுகியிருந்தால் வாசம் வாயில் விரியாது. மாமி இரண்டாவது துண்டு கேட்டார், அதில் உப்புத் தெரிவதுதான் பிடித்தது என்றார். எனக்கு இன்னும் திருப்தி வராதது கேக்கின் அடுக்குகளில்தான், நடு அடுக்கு மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வருகிறது. பிரவுண் சீனிக்குப் பதில் மேப்பிள் சீனியில் பட்டரை அடித்தால் குருணலும் கிடைக்கும், வாசமும் கொஞ்சம் தங்கும் என்று நினைக்கிறேன். ஒரு பை வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த கேக் அதில்தான்.