கட்டுவதா, கட்டாமல் விடுவதா: சிட்னியில் புதிதாகக் குடியேறுவோர் அறிய வேண்டிய உயிரினங்கள்

முதல் கோடையில் வீட்டுக்குள் அலறலைக் கிளப்புவது பெரும்பாலும் ஹன்ட்ஸ்மேன் சிலந்தி. உள்ளங்கை அகலம், நண்டுபோல் பக்கவாட்டில் விரிந்த கால்கள், சுவரில் சரசரவென்ற ஓட்டம். பார்க்கத்தான் பயங்கரம். வலை பின்னாமல் கரப்பான்பூச்சியைத் துரத்திப் பிடித்துத் தின்னும். கடித்தாலும் சற்று நேரம் வலித்து அடங்கிவிடும். அகலமான பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, சுவரை ஒட்டி ஓர் அட்டையைச் செருகி, வெளியே கொண்டுபோய் விடலாம். டப்பா சிறியதாக இருந்தால் கால் நசுங்கும். காரின் வெயில் மறைப்புக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். அங்கே ஆபத்து சிலந்தி அல்ல, ஓட்டுபவரின் பதற்றம். ஓரமாக நிறுத்திவிட்டுக் கதவைத் திறங்கள்.

கவனம் வைக்க வேண்டியவை இதைவிடச் சிறியவை. ரெட்பேக் பெண் சிலந்தியின் உடல் பட்டாணி அளவுதான். கறுப்பு, முதுகில் சிவப்புக் கோடு. தோட்ட நாற்காலியின் அடிப்பக்கம், பூந்தொட்டி விளிம்பு, வெளியே கழற்றிப் போட்ட ஷூ என்று நெடுநாள் யாரும் தொடாத உலர்ந்த மூலைகளில் இருக்கும். ஃபனல்வெப் வேறு வகை: பளபளப்பான கறுப்பு, தடித்த உடல், ஈர மண்ணில் வளை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் ஆண் சிலந்திகள் துணை தேடி இரவில் அலையும். நீச்சல் குளத்தின் அடியில் செத்ததுபோல் கிடந்தாலும் பல மணி நேரம் உயிரோடிருக்கும், கையால் எடுக்காதீர்கள். இதற்கு விஷமுறி மருந்து 1981-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் உறுதிசெய்யப்பட்ட மரணம் இல்லை.

பலர் குழம்புவது முதலுதவியில்தான். ரெட்பேக் கடிக்குக் கட்டுப் போடக் கூடாது. விஷம் மெதுவாகத்தான் வேலை செய்யும், இறுக்கினால் வலிதான் கூடும். ஐஸ் ஒத்தடம் கொடுத்துவிட்டு, வலியும் வியர்வையும் பரவினால் மருத்துவமனைக்குப் போங்கள். ஃபனல்வெப் கடிக்கோ கீழே சொல்லும், பாம்புக்கடிக்குப் போடும் அதே கட்டு, அதே 000 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைப்பு.

பாம்புக்கடி என்றதும் ஊரில் பழகிய கை கயிற்றைத் தேடும். வேண்டாம். கீறுவதும் வாய்வைத்து உறிஞ்சுவதும் வேண்டாம். இந்நாட்டுப் பாம்புகளின் விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாகவே உடலுக்குள் ஏறுகிறது. நடந்தால் தசை அசைந்து அதை மேலே தள்ளும், அதனால் கடிபட்டவர் ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது. 10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடிவாயின் மேல் சுற்றி, பிறகு விரல்களிலிருந்து தொடங்கிக் கை அல்லது கால் முழுவதும் மேல்நோக்கிச் சுற்றுங்கள். சுளுக்குக்குக் கட்டுவதைவிட இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் இரத்த ஓட்டம் நிற்கக் கூடாது. கடித்த இடத்தைப் பேனாவால் கட்டின்மேல் குறியுங்கள். பிறகு குச்சி ஏதாவது வைத்து அசையாமல் கட்டுங்கள். மருத்துவமனையில் சொல்லும்வரை அவிழ்க்கக் கூடாது. கடிவாயைக் கழுவவும் வேண்டாம். தோலில் ஒட்டிய விஷத்தைச் சோதனைக்கு எடுக்கலாம்.

ஈஸ்டர்ன் பிரவுன் என்ற பாம்பு கடித்தால் வலியும் தடமும் சில சமயம் தெரியவே தெரியாது. "ஒன்றும் இல்லை, கீறல்தான்" என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. இந்தியாவில், இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்த இடம் வீங்கிவிடும். அந்த அனுபவத்தை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது. பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். கடிகள் பலவும் அந்த முயற்சியில்தான் நேர்கின்றன. நிறம் பார்த்து இனம் சொல்வதும் சரிவராது: பெயர்தான் பிரவுன், வெளிறியும் இருக்கும், கறுத்தும் இருக்கும். புல் வளர்ந்த பின்கட்டில் கறிவேப்பிலை பறிக்க வெறுங்காலோடு போகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

பாம்பென்று தவறி அடிபடுவது புளூடங் அரணை. கொழுத்த உடல், குட்டைக் கால், நீல நாக்கு. விஷமில்லை, தோட்டத்து நத்தைகளைத் தின்னும். நத்தை விஷம் தூவினால் அதைத் தின்ற நத்தை வழியாக இதுவும் சாகும்.

வசந்த காலத்தில், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, மேக்பை பறவை தலைக்கு மேல் பாயும். கூட்டைக் காக்கும் ஆண் பறவை அது. எல்லா ஆணும் பாய்வதில்லை. முகங்களை நினைவில் வைத்திருக்கும் என்பதால் ஒருமுறை கல்லெறிந்தவருக்கு ஆண்டுதோறும் வரவேற்பு உண்டு. சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், கண்ணாடி அணியுங்கள், குடை பிடியுங்கள், முடிந்தால் அடுத்த தெருவைப் பிடியுங்கள்.

இரவில் கூரைமேல் தடதடவென்று யாரோ நடப்பதுபோல் கேட்டால், அது போசம் என்ற மரமேறும் பைப்பாலூட்டி. எலியின் ஓசை மெல்லிய கீறல். போசத்தை உரிமம் இல்லாமல் பிடிக்க முடியாது. தொலைவில் கொண்டுபோய் விட்டால் அந்நிய எல்லையில் பிழைப்பது அரிது. நுழையும் ஓட்டையைக் கண்டுபிடித்து, செய்தித்தாளைத் தளர்வாகத் திணித்துப் பாருங்கள். கலைந்திருந்தால் அதுதான் வழி. மரத்தில் ஒரு கூடுப் பெட்டி கட்டுங்கள். இருட்டியதும் அது வெளியே போன பிறகு, உள்ளே குட்டி இல்லையென்று பார்த்துவிட்டு, கெட்டியான கம்பி வலையால் அடையுங்கள். பகலில் அடைத்தால் உள்ளேயே செத்து நாறும்.