எழுத்தாளரின் பெட்டிக்குள் டேப் இருந்தால்

எழுத்தாளராகவும் தொலைக்காட்சி முகமாகவும் இருந்தவரின் காகிதங்கள் காப்பகத்துக்கு வந்ததும் எல்லோர் கையும் கையெழுத்துப் பிரதிக்குத்தான் போகும். முதலில் கவனிக்க வேண்டியது வீடியோ டேப்பை. நல்ல தாள் நூறு வருடம் தாங்கும், டேப் தாங்காது. காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகும். அந்த நிலையில் ஓட்டினால் பூச்சு உரிந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும்; உரிந்த காட்சி திரும்பாது. "ஓடுதான்னு பார்ப்போம்" என்று எதையும் பிளேயரில் போடாதீர்கள். வீட்டில் பயன்பட்ட விஎச்எஸ் கேசட் என்றால் முதுகுப்பக்கப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தொலைக்காட்சி நிலையங்களில் பயன்பட்ட பெரிய யூமாட்டிக் கேசட் என்றால் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானைக் கழற்றுங்கள். தவறியும் மேலே பதிவாகாது. மற்றதை டேப் மீட்பு தெரிந்தவரிடம் விடுங்கள்.

அடுத்த அவசரம், பளபளப்பான பழைய ஃபேக்ஸ் தாள். எழுத்து மங்கிக்கொண்டே போகும். உடனே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் செய்தால் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும்.

பிறகுதான் அடுக்குவது. இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள்: கடிதம் ஒரு பக்கம், ஸ்கிரிப்ட் ஒரு பக்கம், கட்டுரை ஒரு பக்கம் என்று பிரித்துவிடுகிறார்கள். நிகழ்ச்சி ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பென்சிலில் நிமிடக் கணக்கு, பின்பக்கத்தில் ஒரு கட்டுரையின் முதல் வரைவு, கூடவே குத்திய நேயர் கடிதம். அந்தக் கட்டுரை எங்கிருந்து முளைத்தது என்பதற்கு அந்தக் குண்டூசிதான் சாட்சி. இருந்த கோப்பிலேயே இருக்கட்டும். பட்டியலில் மட்டும் இரண்டு தலைப்பின் கீழும் காட்டுங்கள்.

ஊசியை எடுக்கத்தான் வேண்டும், துரு தாளைத் தின்றுவிடும். ஸ்டேப்ளர் முள் என்றால் தாளைக் கவிழ்த்து, முள்ளின் கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு செருகி, ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். முன்பக்கமிருந்து இழுத்தால் துருப்பிடித்த ஓட்டையோடு மூலை கிழிந்து வரும். பிரித்த தாள்களை அமிலமற்ற தாளில் ஒன்றாக மடித்து, 2பி பென்சிலில் எண்ணிடுங்கள். பேனா வேண்டவே வேண்டாம். செய்தித்தாள் நறுக்குகள் பக்கத்துத் தாளைப் பழுப்பாக்கும், இடையில் அமிலமற்ற தாள் வையுங்கள். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். 35 முதல் 50 வரை நல்லது.

வந்த கடிதத்தின் தாள்தான் காப்பகத்துக்குச் சொந்தம். வாசகங்களின் உரிமை எழுதியவருக்கே. இணையத்தில் ஏற்றுமுன் அனுமதி வாங்குங்கள்.

எழுத்தாளர் பிறருக்கு எழுதிய கடிதங்களோ அடுத்தவர் வீடுகளில் கிடக்கும். பெட்டியில் மிஞ்சுவது கார்பன் நகல்: மெல்லிய தாள், மங்கலான நீல எழுத்து, பெரும்பாலும் வந்த கடிதத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். நகல்தானே என்று கழித்துவிடாதீர்கள்.