7-ஆம் நம்பர் கேபிள்

பிப்ரவரி 4, வடபழனி

நாளை காலை பேண்டின் கச்சேரிப் பயணம் தொடங்குகிறது: முதலில் புதுச்சேரி. அங்கிருந்து பெங்களூரு, கோவை, பிறகு வீடு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,320 கி.மீ. டிராவலர் வேன் லிட்டருக்குப் பத்து கொடுத்தால் 132 லிட்டர் டீசல். ஏசி ஓடினால் அதுவும் கொடுக்காது. கணக்கில் 150 என்று எழுதிவைத்தாயிற்று.

ஆள் எட்டு: பாட்டு, கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ், பறை, சவுண்டு, டிரைவர். கடைசி வரிசை சீட்டு முழுக்கச் சாமானுக்கு. மேடையில் எது முதலில் வேண்டுமோ அது வேனில் கடைசியாக ஏறணும். அப்படிப் பார்த்தால் கரன்ட் பெட்டியும் கேபிள் பெட்டியும் கதவோரம். கீபோர்டு கேஸ் முதலில் ஏறி, சீட்டின் முதுகோடு நிமிர்ந்து நிற்கும். மேலே கேரியரில் தார்பாய்க்கு அடியில் துணிப்பைகள் மட்டும். வாத்தியம் எதுவும் அங்கே கூடாது.

டிரம் செட்டை யாரும் ஊர் ஊராகத் தூக்குவதில்லை, அது அந்தந்த ஊரில் வாடகை. கூடவே வருபவை ஸ்னேர், கிக் பெடல், சிம்பல்கள், இரண்டு டிரம் சாவி. இவற்றோடு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் கார்பெட் ஒன்று. பிளைவுட் மேடையில் வெறுமனே வைத்த, காலால் அடிக்கும் கிக் டிரம், மூன்றாவது பாட்டுக்குள் ஒரு முழம் முன்னால் நகர்ந்திருக்கும். வாடகைக்காரர் கார்பெட் தருவதாகச் சொன்னாலும் நம்பிப் போகக்கூடாது.

மைக் கேபிள் 20: பத்து மீட்டரில் 14, ஐந்து மீட்டரில் 6. இரண்டு முனையிலும் ஒரே நம்பர், வெள்ளை டேப்பில். முழங்கையில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறி, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஒரு வளையம் வெளிப்பக்கம், அடுத்தது உள்பக்கமாகத் திருப்பி என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் முறுக்கு தங்காது. வீசினால் நேராக ஓடும். கட்ட வெல்க்ரோ பட்டை. ரப்பர் பேண்டு நம்மூர் வெயிலில் இளகி, கேபிளோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

கிட்டார் கம்பி 10–46 தடிமனில் செட் மூன்று. மெல்லிய முதல் கம்பி மட்டும் தனியாக நான்கு, அறுவது பெரும்பாலும் அதுதான்.

பிப்ரவரி 5, புதுச்சேரி

ஈசிஆரில் 150 கி.மீ., மூன்றரை மணி நேரம். கடற்கரையை ஒட்டிய புல்தரையில் மேடை. திறந்த வெளியில் சத்தத்தைத் திருப்பித் தரச் சுவர் கிடையாது. அரங்கில் கிண்ணென்று இருந்த பேஸ் இங்கே காற்றோடு போய்விடும். பேஸ் சத்தத்துக்கென்றே இருக்கும் சப் பாக்ஸ்களை இடம் வலமாகப் பிரிக்காமல் நான்கையும் மேடைக்கு நடுவில் கூட்டி வைத்ததும் நடுவில் நிற்பவருக்கும் ஓரத்தில் நிற்பவருக்கும் பேஸ் கிட்டத்தட்ட ஒரே மாதிரி போய்ச் சேர்ந்தது. பிரித்து வைத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அங்கே நிற்பவருக்குக் கிக் டிரம்மே இருக்காது.

உப்புக் காற்றில் முதலில் தொய்வது பறை. தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு 'தொப்' என்று கேட்கும். வாசிப்பதற்குக் கால்மணி நேரம் முன்னால் வைக்கோல் தீயில் காய்ச்சணும். சுடரில் காட்டாமல், அனலுக்கு மேல் வட்டமாகச் சுழற்றி. விரலால் சுண்டினால் கண்ணாடி மாதிரிக் கேட்கிறதா, போதும். அதற்கு மேல் காட்டினால் தோல் கிழியும். கடலோரத்தில் இந்த விறைப்பு நான்கைந்து பாட்டுக்குத்தான். ஆகவே இரண்டு பறை: ஒன்று மேடையில், ஒன்று பின்னால் அனலருகே. ஃபைபர் தோலுக்கு இந்தப் பாடு இல்லை. அடிக்குச்சி விழும்போது வரும் அந்த வெடிப்பும் அதில் இல்லை.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கிட்டாரையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றியது. இன்றும் பல ஊர்களில் பறைக்கு எந்த மைக் என்று கேட்டால் "பாடுற மைக்கையே காட்டிடலாமே" என்கிறார்கள். சரியானது ஷூர் எஸ்எம்57 மைக், ஒரு சாண் தள்ளி, தோலின் நடுவைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்து. நடுவைப் பார்த்தால் வெறும் குமுறல். ஓரத்தில்தான் சிண்டுக்குச்சியின் சத்தம் இருக்கிறது.

ஏழு மணிக்கு மேல் பனி. மிக்ஸர் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, கீழ்ப்பக்கம் காற்றுக்குத் திறந்து. முழுக்க மூடினால் சூட்டில் உள்ளேயே வியர்க்கும்.

மிக்ஸரின் 7-ஆம் சேனலில், கிட்டார் ஆம்ப் மைக்கில், மெல்லிய 'ங்ங்ங்'. கேபிளை அசைத்ததும் நின்றது. ஈரம் என்று எழுதிவைத்திருக்கிறது.

பிப்ரவரி 6, வழியில்

திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர். 310 கி.மீ. சாப்பாட்டுக்கு நிறுத்தினால் கிட்டார்களும் கூடவே இறங்கும். வெயிலில் பூட்டிக் கிடக்கும் வேனுக்குள் பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கிக்கொண்ட கிட்டாரைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். வண்டியின் பர்மிட், வரி ரசீதோடு வாத்தியங்களின் பட்டியலும் சீரியல் நம்பர் போட்டு இரண்டு பிரதி. சோதனையில் "இதெல்லாம் விற்கவா?" என்று கேட்டால் அந்தத் தாள்தான் பதில்.

பிப்ரவரி 7, பெங்களூரு

முதல் மாடியில் சின்ன மேடை, 200 பேர் நிற்கிற இடம். எதையும் சொருகுவதற்கு முன் பிளக் பாயின்ட்டில் மல்ட்டிமீட்டர். மூன்று அளவு எடுக்கணும். ஃபேஸ்–நியூட்ரல் 230 பக்கம் இருக்கணும். ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே. நியூட்ரல்–எர்த் இரண்டு வோல்ட்டுக்குள். இங்கே வந்தது 228, 190, 38. டெஸ்டர் வைத்துப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அதில் விளக்கு ஜம்மென்று எரியும்.

மூன்றாவது அளவு 38 காட்டினால் இரண்டில் ஒன்று: எர்த் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது நியூட்ரல் லூஸ். இரண்டாவது பயங்கரம். த்ரீ ஃபேஸ் லைனில் நியூட்ரல் முழுக்க அறுந்தால் ஏதோ ஒரு பாயின்ட்டில் 230-க்குப் பதில் 300, 350 என்று ஏறும். அடாப்டர், கீபோர்டு, ஆம்ப் வரிசையாகப் புகையும். ஹாலின் எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்தார். எர்த் ஸ்க்ரூ கழன்று, கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கியதும் 38 போய் 1.2 ஆனது.

எர்த் இல்லாத மேடையில் அடாப்டர்களின் ஃபில்டர் வழியாகக் கசிகிற கரன்ட் கிட்டாரின் கம்பி வரை வந்து நிற்கும். கம்பியில் கை, மைக்கில் உதடு: சுருக்கென்று அடிக்கும். மீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனை கிட்டார் கம்பியில், மறுமுனை மைக்கின் வலையில். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் யாரும் பாடக் கூடாது. இரைச்சல் போகணும் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இரைச்சல் போகும், உண்மைதான்; கூடவே ஆளும் போகலாம். எர்த்தை வெட்ட வேண்டிய இடம் ஆடியோ பக்கம், வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது.

மேடையில் உள்ள எல்லாமே ஒரே பாயின்ட்டிலிருந்து கரன்ட் எடுக்கணும். கணக்குப் போட்டால் பயமில்லை: பேஸ் ஆம்ப் 500 வாட், கிட்டார் ஆம்ப் 150, கீபோர்டு, லேப்டாப், பெடல், மிக்ஸர் ராக் எல்லாம் சேர்ந்து 200. மொத்தம் 850, அதாவது நான்கு ஆம்பியர் கூட இல்லை. ஒரு 15 ஆம்ப் பாயின்ட் தாராளம். அதிலிருந்து, கரன்ட் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி வைத்த நம் பெட்டி, பெட்டியிலிருந்து மற்றதெல்லாம். ஆளுக்கொரு சுவரில் சொருகினால் எர்த் வழியாகவே ஒரு வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதில் சுற்றிச் சுற்றி வரும்.

இத்தனைக்குப் பிறகும் 7-இல் கொஞ்சம் 'ங்ங்ங்' பாக்கி. கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்கள் இருக்கிற பெடல்போர்டு மேல் சந்தேகம் போனது, நியாயமான சந்தேகம்: ஒரே அடாப்டரில் ஆறு பெடல். அனலாக் பெடல் 10 மில்லிஆம்பில் ஓடும், டிஜிட்டல் டிலே 300 கேட்கும், அதன் கிரிச்சல் மற்றவற்றுக்கும் பரவும். டிலேக்குத் தனி அடாப்டர் கொடுத்ததும் கிரிச்சல் போனது. 'ங்ங்ங்' போகவில்லை.

பிப்ரவரி 8

சேலம் வழியாகக் கோவை, 360 கி.மீ. தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தைப் பகலிலேயே கடந்தாயிற்று. பாரமேற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருகிற இடம். சட்டம் டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்கிறது. நிகழ்ச்சி முடிந்த ராத்திரியே கிளம்பச் சொல்லும் பேண்டுகள் அதை மறந்துவிடுகின்றன. டிரைவருக்குப் பேட்டாவோடு படுக்க ஒரு கட்டிலும் புக் செய்யணும்.

பிப்ரவரி 9, கோவை

காலேஜ் கல்ச்சுரல்ஸ். 45 நிமிட ஸ்லாட், மேடை மாற்றப் பதினைந்து. சவுண்ட் செக் கிடையாது, ஒவ்வொரு லைனிலும் சத்தம் வருகிறதா என்று பார்க்கும் லைன் செக் மட்டும்.

இதற்காகத்தான் சொந்த ராக்: பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மிக்ஸர், 16 சேனல் ஸ்ப்ளிட்டர். மைக்கிலிருந்து வருவது இரண்டாகப் பிரிந்து ஒன்று நம் ராக்குக்கு, ஒன்று மைக் செட்காரரின் மிக்ஸருக்கு. வாசிப்பதைத் தாமே கேட்கக் காதில் போடும் மானிட்டர் ஆறு பேருக்கு. எக்ஸ்ஆர்18-இல் அதற்கான ஆக்ஸ் அவுட்டும் சரியாக ஆறு, மோனோவில். 1–5 டிரம்ஸ், 6 பேஸ், 7 கிட்டார், 8–9 கீபோர்டு, 10–11 லேப்டாப் டிராக் (முன்பே பதிந்த இசை), 12 கிளிக் (தாளம் தவறாமலிருக்க வாசிப்பவர் காதில் மட்டும் கேட்பது), 13–14 பறை, 15–16 குரல். 12 மட்டும் வெளியே போகாது. கிளிக் ஸ்பீக்கரில் வந்துவிட்டால் மூவாயிரம் பேரும் டக் டக் என்று கேட்பார்கள். அந்த லைனை ஸ்ப்ளிட்டரிலேயே பிடுங்கி வைப்பதுதான் நிம்மதி, மியூட் பட்டனை நம்புவதல்ல.

எக்ஸ்ஆர்18-இன் உள் வைஃபை கூட்டத்துக்கு ஆகாது. எல்லார் பையிலும் ஒரு போன் இருக்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் மூச்சுவிட இடமில்லை. தனி ரவுட்டர், 5 கிகாஹெர்ட்ஸ், அதோடு சவுண்டு ஆளின் லேப்டாப்புக்கு நேரடியாக ஒரு லேன் கேபிள். டிராக் ஓடும் லேப்டாப் ஏர்பிளேன் மோடில்.

லைன் செக்கில் ஒரு சேனலுக்குப் பத்து விநாடி, வரிசை மாறாமல். 5-இல், டிரம்ஸுக்கு மேல் தொங்கும் கண்டென்சர் மைக்கில், சத்தமே இல்லை. அந்த மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் போட்டிருக்கிறது. ஸ்ப்ளிட்டரில் நேரடிப் பக்கம் இருப்பது நம் ராக்தான், அந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே 48 போகும், அதுவும் சரி. அதே கேபிளில் எஸ்எம்57-ஐச் சொருகினால் குரல் வருகிறது, அடியில் 'ங்ங்ங்' என்று. கேபிளின் நம்பரைப் பார்த்தால் 7. அவசரத்தில் இடம் மாறி வந்திருந்தது.

புதிர் அங்கேயே அவிழ்ந்தது. மைக் கேபிள் முனையில் 1-ஆம் பின் ஷீல்டு, 2-ம் 3-ம் சிக்னல். ஷீல்டு அறுந்தால் எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக் தன் பாட்டுக்கு வேலை செய்யும், கவசமில்லாததால் இரைச்சலை மட்டும் வாங்கிக்கொள்ளும். கண்டென்சருக்கு 48 வோல்ட் திரும்பிப் போகும் வழியே அந்த ஷீல்டுதான், அதனால் சுத்தமாகச் செத்துவிடும். 2 அல்லது 3 அறுந்தால் வேறு மாதிரி: சத்தம் மெலிந்து, கனம் போய், டெலிபோன் குரலாகும். கேபிள் டெஸ்டர் மூன்று விளக்கும் எரிகிறது என்றுதான் சொன்னது. முனையை வளைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது முதல் விளக்கு அணைந்தது. 7-க்குச் சிவப்பு டேப்.

பிப்ரவரி 11, சென்னை

அடையாறில் பள்ளி மைதானம். திறந்த வெளியில் ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 2000-ஆம் ஆண்டு விதி. மூடிய அரங்குக்கு அது பொருந்தாது. ஆகவே பத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. கடைசிப் பாட்டு 9.45. நம் நேரம் 8.30. முதல் பேண்டு 7. ஆறு மணிக்குச் செக் எல்லாம் முடியணும். கடைசியில் வாசிக்கும் பேண்டு முதலில் செக் செய்யும். முதலில் வாசிப்பது கடைசியில் செக் செய்து, வைத்தது வைத்தபடி அப்படியே ஆரம்பிக்கும். வடபழனியிலிருந்து வேன் காலை பத்துக்கே கிளம்பியது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பி அடையாறுக்கு எப்போது போய்ச் சேரலாம் என்று எந்த மேப்பும் சொல்லாது.

குரல் மைக் எஸ்எம்58 என்றால் மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் நேர் பின்னால்; பீட்டா 58ஏ என்றால் பின்னால் இரு பக்கமும் சாய்வாக. மைக் எந்தத் திசையில் செவிடோ அங்கேதான் ஸ்பீக்கர். பாடுபவர் ஸ்டைலுக்காக வலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்தக் கணக்கு முழுக்கக் கெட்டு, எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி, 'கூ' என்று ஊளையிடும்.

பிப்ரவரி 12

ரிச்சி தெருவில் மைக் கேபிளுக்குப் புது எக்ஸ்எல்ஆர் முனை ஒரு ஜோடி, 60/40 ஈயக்கம்பி 0.8 மி.மீ. முனை வாங்கும்போது கேபிளைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாடையை இறுக்கிப் பார்த்து வாங்கணும்.

7-ஐத் திறந்தபோது 1-ஆம் பின்னில் பச்சைக் களிம்பு. ஷீல்டு இழைகளில் இரண்டே இரண்டு பின்னைத் தொட்டும் தொடாமலும். களிம்பு புதுச்சேரி கொடுத்ததல்ல, பழசு. தாடை மேலுறையைப் பிடிக்காததால் ஒவ்வொரு இழுப்பும் ஈயத்தின் மேல் விழுந்திருக்கிறது. இழை அற, அந்த இடைவெளியில் ஈரம் இறங்கியிருக்கிறது. செம்பு பளிச்சென்று தெரியும் வரை மூன்று செ.மீ. வெட்டி, இழைகளை முறுக்கி முதலில் ஈயம் பூசி, 350 டிகிரியில் பின்னுக்கு இரண்டு விநாடி. அதற்கு மேல் வைத்தால் பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். மறுமுனையும் அதே கம்பெனிதான், அதையும் மாற்றியாயிற்று. மீதி 13 பத்து மீட்டர் கேபிள்களும் ஒரே நாளில் வாங்கியவை. ஒவ்வொன்றாகத் திறந்ததில் 3-இலும் 11-இலும் பச்சை.