அண்ணனின் உப்புக் கணக்கு

மே 14

ராத்திரி நாலு தரம் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம். அண்ணன்தான். விடிவதற்குள் தலைமாட்டுச் செம்பு இரண்டு முறை காலி. தாகமும் ராத்திரி எழுவதும் அவருக்குப் பழசு. 22 வருஷமாக, மனநிலையைச் சீராக வைக்கும் மருந்தான லித்தியம் சாப்பிடுகிறவர். காலையில் கண்டதுதான் புதுசு. டம்ளரைப் பிடித்த கை ஆடி, பாதிக் காபி வேட்டியில்.

மே 15

வயிற்றுப்போக்கு. பேச்சு குழறுகிறது. இருட்டில்கூட வரப்பு தவறாத மனுஷன் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அண்ணியை உட்காரவைத்து விசாரித்தேன். பத்து நாளைக்கு முன் பிரஷர் கூடுதல் என்று ஓர் இடத்தில் உப்பை அறவே நிறுத்தச் சொன்னார்களாம். அண்ணி பயந்துபோய் நீராகாரத்துக்குக் கல் உப்பு போடுவதையும் மோர்மிளகாயையும் நிறுத்திவிட்டார். முட்டிவலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை வேறு, ஒரு வாரமாக. இந்த வெயிலில் வயல் வேலையும் நிற்கவில்லை. ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மே 16, தஞ்சாவூர்

மன்னார்குடியிலிருந்து முதல் பஸ். ரத்தத்தில் லித்தியம் 1.6. அவருக்கு 0.6 முதல் 0.8 வரைதான் இருக்க வேண்டும். உடனே படுக்கவைத்து, லித்தியம் மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கிட்னியில் வடிகட்டி இறங்கும் லித்தியத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் ரத்தத்துக்கே திரும்பிவிடுமாம், பெரும்பாலும் சோடியம் திரும்பும் அதே வழியில். உடம்பில் உப்பு குறைந்தால் கிட்னி சோடியத்தை விடாமல் பிடிக்கும். லித்தியமும் அதோடு மாட்டிக்கொள்ளும். வியர்வை, பேதி, உப்பில்லாச் சாப்பாடு, மூன்றும் ஒரே பக்கம் இழுத்திருக்கின்றன. முட்டிவலிக்கு வாங்கியது இப்யூபுரூஃபன் வகை. அது கிட்னிக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, லித்தியம் வெளியேறுவதையும் குறைத்துவிடும். வலி என்றால் பாராசிட்டமால் போதும் என்றார்.

அண்ணி வராந்தாவில் அழுதார். “நான்தான் உப்பைப் போடாம கொன்னுருப்பேன்.” இல்லை அண்ணி. சொன்னதைச் செய்தீர்கள், அவ்வளவுதான்.

மே 18

நடுக்கம் குறைந்துவிட்டது. அண்ணனே கேட்டார்: “சரிம்மா, இந்தத் தாகம் ஏன்?”

டாக்டரம்மா காகிதத்தில் குழாய் வரைந்தார். சிறுநீர் வெளியேறுவதற்கு முன் கடைசியாகக் கடக்கும் சேகரிப்புக் குழாயின் செல்களில் சோடியம் நுழைய ஒரு வாசல் உண்டு. லித்தியமும் அதே வாசலில் நுழையும். ஆனால் சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் லித்தியத்தைச் சரியாகத் தள்ளாது, உள்ளேயே சேரும். அப்புறம், தண்ணீரை மிச்சம்பிடி என்று மூளை அனுப்பும் வாசோபிரெஸின் என்ற ஹார்மோன் சொல்வதை அந்தச் செல்கள் கேட்பதில்லை. தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும் அக்வாபோரின்-2 என்ற தண்ணீர்ப் பாதைகள் குறைந்துபோய், தண்ணீர் சிறுநீரோடு ஓடிவிடும்.

“கடைமடையில மதகு பழுதுன்னு சொல்லுங்க,” என்றார் அண்ணன். எனக்குத் தொண்டை அடைத்தது. பேச்சு குழறிய பிறகு அவர் குழறாமல் பேசிய நாள் இது. தாகத்தைக் குறைக்க அந்தச் சோடிய வாசலை அடைக்கும் அமிலோரைடு என்ற மருந்து இருக்கிறதாம். அளவு சீரான பிறகு யோசிக்கலாம் என்றார்கள்.

மே 20

லித்தியம் 0.7. ஆனால் கால்சியம் 10.9, கொஞ்சம் கூடுதல். இது இத்தனை வருஷத்தில் எங்களிடம் யாரும் பேசாத விஷயம்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் போதும் என்று அறியும் உணர்வு அவற்றுக்கு லித்தியத்தால் மந்தமாகிவிடுகிறது. அதனால் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். வழக்கமாக ரத்தத்தில் கால்சியம் ஏறினால் கிட்னி அதைச் சிறுநீரில் இறக்கிவிடும். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கேயும் அந்த உணர்வு மங்குவதால், ரத்தத்தில் கூடியும் சிறுநீரில் அந்த அளவுக்குப் போவதில்லை. மக்னீசியமும் சிலருக்கு லேசாக ஏறும். கால்சியம் மிகுந்தால் சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி இன்னும் குறையும், தாகம் கூடும். பிரஷருக்குத் தயாசைடு வகை நீர் மாத்திரை கொடுத்திருந்தால் லித்தியம், கால்சியம் இரண்டுமே ஏறியிருக்கும். நல்லவேளை, கொடுக்கவில்லை. இப்போது அம்லோடிபின்.

மே 23

வீடு. லித்தியத்தைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கியாயிற்று. பக்கத்து வீட்டில் “அந்த விஷத்தை ஏன் இன்னும்” என்று கேட்டார்கள். 22 வருஷத்துக்கு முன் அண்ணன் இருந்த நிலையை அவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 12

மேட்டூர் திறக்கிற நாள். காலண்டரில் அண்ணி மூன்று மாசத்துக்கு ஒரு தேதி வட்டமிட்டிருக்கிறார்: லித்தியம், கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், கால்சியம். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

கல் உப்பை இப்போது கையால் அள்ளுவதில்லை. தினமும் ஒரே கரண்டி, ஒரே அளவு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பதினொரு மணிக்கு அந்த உப்பு போட்ட மோரைத் தூக்கில் ஊற்றி, நாற்றங்காலில் நின்ற அண்ணனுக்கு இன்று நான் கொண்டுபோனேன்.